மே மாதம் வரும் ஆர்டர்: இன்சூரன்ஸ் துறையில் பெண்கள் மேலே வர முடியுமா?

ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 27, பி.காம்., இரண்டு வயதில் குழந்தை. ஒரு தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனக் கிளையில், பாலிசி சர்வீஸ் கவுன்டரில் வேலை. "எங்கள் கிளையில் ஏழு பேரில் ஐந்து பேர் பெண்கள். ஆனால் மேனேஜர், ஏரியா மேனேஜர், அதற்கு மேலே யாரைப் பார்த்தாலும் ஆண்கள்தான். இந்தத் துறையில் பெண்கள் மேலே வரவே முடியாதா? நான் அரசு நிறுவன அதிகாரி தேர்வு எழுதட்டுமா, வேலையை விட்டு ஏஜென்சி எடுக்கட்டுமா?" இதுதான் கேள்வி.

வர முடியும், வந்திருக்கிறார்கள். ஆனால் எந்த வழியாக வந்தார்கள் என்று பார்க்காமல் பெயர்களை மட்டும் அடுக்கினால் அதை வைத்து நீங்கள் எதுவும் செய்ய முடியாது. நான் 1986-ல் ஒரு பொதுத்துறை பொதுக் காப்பீட்டு (தீ, சரக்கு, வாகனம் போன்ற, ஆயுள் அல்லாத காப்பீடு) நிறுவனத்தில் நேரடி அதிகாரியாகச் சேர்ந்து, 36 வருடம் கழித்து ஸ்கேல் ஐந்தில், சீஃப் மேனேஜராக ஓய்வு பெற்றவள். எந்த நிறுவனம் என்பதை விட்டுவிடுவோம். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெயர்கள். 1956-ல் தொடங்கிய எல்.ஐ.சி.க்கு முதல் பெண் மேலாண் இயக்குநர் கிடைத்தது 2013-ல், உஷா சங்வான். ஜி.ஐ.சி. ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனத்துக்கு, அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் நிறுவனத்துக்கு, 2016-ல் ஆலிஸ் வைத்யன் தலைவரானார். மறு வருடம் அந்த நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். பொதுத்துறையின் நியூ இந்தியா அஷ்யூரன்ஸில் நீர்ஜா கபூர், அவரை அடுத்து கிரிஜா சுப்ரமணியன் என்று இரண்டு பெண்கள் தொடர்ச்சியாகத் தலைமைக்கு வந்தார்கள். டி.எல். அலமேலு பயிர்க் காப்பீட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்துவிட்டு காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையத்தில் உறுப்பினரானார். தனியாரில் ஐ.சி.ஐ.சி.ஐ. புருடென்ஷியல் லைஃப் 2000-ல் தொடங்கியபோதே தலைமையில் ஷிகா ஷர்மா. எச்.டி.எஃப்.சி. லைஃபில் 2018 முதல் விபா படல்கர்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். உஷா சங்வான் 1981-ல் நேரடி அதிகாரியாக எல்.ஐ.சி.யில் சேர்ந்தவர். ஆலிஸ் வைத்யன் 1983-ல் நியூ இந்தியாவில் சேர்ந்தவர். முப்பது, நாற்பது வருடத்துக்கு முன்னால் உள்ளே வந்த பெண்களின் அறுவடையைத்தான் இப்போது பார்க்கிறோம். எழுத்துத் தேர்வுக்கு உங்கள் கழுத்தில் தாலி இருக்கிறதா, இடுப்பில் குழந்தை இருக்கிறதா என்று தெரியாது. அதனால்தான் உள்ளே வர முடிந்தது. தனியாரில் வந்தவர்களின் வழி வேறு. விபா படல்கர் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட். அந்த நிறுவனத்திலேயே நிதித் தலைவராகப் பத்து வருடம் இருந்துவிட்டு மேலே போனார். கவுன்டரிலிருந்தோ சேல்ஸிலிருந்தோ படிப்படியாக ஏறித் தனியார் தலைமைக்கு வந்த பெண் என்று எனக்கு உடனே ஒரு பெயர் நினைவுக்கு வரவில்லை. நீங்கள் இருப்பது கவுன்டரில் என்பதால் இதை நாசூக்காகச் சொல்லாமல் நேராகவே சொல்கிறேன்.

லண்டனும் பெரிய வித்தியாசம் இல்லை. லாயிட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தை 1688-ல் ஒரு காப்பிக் கடையில் தொடங்கியது. அதன் வியாபாரக் கூடத்துக்குள் ஒரு பெண் புரோக்கர் கால் வைத்தது 1973-ல்! நம் ஊரில் பொதுக் காப்பீடு தேசியமயமான அதே வருடம். அங்கே முதல் பெண் தலைமை அதிகாரி, இங்கா பீல், 2014-ல்தான் வந்தார்.

அப்புறம், உள்ளே வந்தால் போதுமா? நீரா மாத்தூர் வழக்கைத் தேடிப் படியுங்கள். 1989-ல் எல்.ஐ.சி.யில் தேர்வாகி, பயிற்சி முடித்து, புரபேஷனில் இருந்த பெண். மகப்பேறு விடுப்பில் போய் 1990 ஜனவரியில் குழந்தை பெற்றார். பிப்ரவரியில் வேலை போயிற்று. வேலையில் சேரும்போது நிரப்பிய உறுதிமொழிப் படிவத்தில் கர்ப்பம் பற்றிய உண்மையை மறைத்துவிட்டார் என்பது நிறுவனத் தரப்பு வாதம். அந்தப் படிவத்தில் என்ன கேட்டிருந்தார்கள் தெரியுமா? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்த தேதி என்ன, எத்தனை முறை கருத்தரித்தீர்கள், கருக்கலைப்பு உண்டா. சுப்ரீம் கோர்ட் 1991-ல் அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது, அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னது. 2017 திருத்தத்தில் வந்த 26 வாரச் சம்பள விடுப்பு இன்று இருக்கிறது, அப்படிக் கேட்கவும் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலம் அது என்பதற்காகச் சொன்னேன்.

இனி, என் கணக்குப்படி பெண்களைக் கீழேயே நிறுத்தும் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். அது டிரான்ஸ்ஃபர்.

பொதுத்துறை பொதுக் காப்பீட்டில் அதிகாரிக்கு ஸ்கேல் ஒன்று முதல் ஏழு வரை. ஏழு என்றால் ஜெனரல் மேனேஜர். அதற்கு மேல்தான் தலைவர் பதவி. ஆறு ப்ரொமோஷன் வாங்க வேண்டும். எந்தத் தடையும் இல்லாமல் ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வருடம் என்று வைத்தாலும் 24 முதல் 30 வருடம். 24 வயதில் சேர்ந்தவளுக்கு 60-க்குள் இருப்பது 36 வருடம். அதாவது கையில் இருக்கும் உபரி ஆறிலிருந்து பன்னிரண்டு வருடம்தான். தலைமைப் பதவிக்கு வரும்போது ஓய்வுக்கு இன்னும் எவ்வளவு சர்வீஸ் மீதி என்பதும் பார்க்கப்படும். ஒரு ப்ரொமோஷனை விட்டால் உபரியில் பாதி போய்விடும். இரண்டை விட்டால் ஆட்டம் முடிந்தது, மீதி வருடங்கள் சம்பளத்துக்கு மட்டும்.

ஆர்டர் வரும் மாதம் பெரும்பாலும் மே. பள்ளிக்கூட ஃபீஸ் கட்டிய பிறகு வரும். எனக்கு ஸ்கேல் நான்குக்கு வந்தபோது கோயம்புத்தூரில் இருந்தேன். போட்ட இடம் கான்பூர். பெரியவன் அந்த வருடம் பத்தாம் வகுப்பு. மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில். கணவர் மின்வாரியத்தில். அவருக்கு கான்பூரில் என்ன வேலை? ஆர்டரை மூன்று நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன், வீட்டில் காட்டவில்லை. நான்காம் நாள் ப்ரொமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். டைப் அடித்துக் கொடுத்த பெண் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் எனக்கு ஒரு டீ வாங்கி வந்து வைத்தாள்.

என்னோடு அதே பட்டியலில் ப்ரொமோஷன் வந்த நண்பர் ஒருவர் ஆர்டரை ஏற்று, போட்ட இடத்துக்குப் போனார். அவருக்கும் பத்தாம் வகுப்புப் பையன், அவருக்கும் வயதான அம்மா. அங்கே நல்ல இட்லி கிடைப்பதில்லை என்று போனில் குறைப்பட்டுக்கொள்வார். பையனின் டியூஷன், அம்மாவின் மாத்திரை, கரன்ட் பில் எல்லாம் சேலத்தில் அவர் மனைவி பார்த்துக்கொண்டார். அவர் ஜெனரல் மேனேஜராக ஓய்வு பெற்றார். நல்ல மனிதர், திறமைசாலி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கு அடுத்த வாய்ப்பு வந்து ஸ்கேல் நான்கு கிடைக்க ஆறு வருடம் ஆயிற்று. அந்த ஆறு வருடம்தான் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த தூரம்.

எனக்கு ஆர்டர் வந்த காலத்து விதியில் ஆண், பெண் என்ற வார்த்தையே கிடையாது. எல்லோருக்கும் ஒரே டிரான்ஸ்ஃபர் பாலிசி. அதனால்தான் இதைப் பற்றிப் புகார் கொடுக்கவும் முடியவில்லை.

இரண்டாவது காரணம், எந்த டிபார்ட்மென்டில் உட்கார வைக்கிறார்கள் என்பது. பெண் அதிகாரி என்றால் அக்கவுன்ட்ஸ், பர்சனல், ஹெல்த் கிளெய்ம் என்று நாற்காலியோடு முடியும் வேலையாகத் தருவார்கள். அக்கறையோடுதான் தருவார்கள், அதில்தான் சிக்கலே. டிவிஷனல் மேனேஜர் ஆக்கும்போது கேட்பது என்ன? பிரீமியம் எவ்வளவு கொண்டுவந்தாய், ஃபயர், மரைன் (கடல் வழிச் சரக்கு), மோட்டார் தேர்ட் பார்ட்டி (வாகனத்தால் மற்றவருக்கு வந்த நஷ்டம்) கிளெய்ம் எத்தனை கையாண்டாய்? அந்த அனுபவத்தை ஃபைலில் உட்கார்ந்து வாங்க முடியாது.

ராஜபாளையம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லின் பஞ்சு குடோன் எரிந்தது. 90-களின் நடுவில். கிளெய்ம் டிபார்ட்மென்டுக்கு நான் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, அதுவும் கேட்டு வாங்கி வந்தது. "மேடம், நீங்க கார்லயே இருங்க, நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றார் நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயர். இறங்கினேன். பஞ்சு பேல், அதாவது இறுக்கிக் கட்டிய பொதி, எரிவது வேறு மாதிரி. வெளியே தண்ணீர் அடித்து அணைத்திருப்பார்கள், ஈரமாகக் கறுத்துக் கிடக்கும். உள்ளே இரண்டு மூன்று நாள் கனன்றுகொண்டே இருக்கும். ஒன்றைப் பிரித்தால் காற்றுப் பட்டுப் பொசுக்கென்று பிடிக்கும். நாற்றம் புடவையை விட்டுப் போக ஒரு வாரம் ஆயிற்று. மில்லின் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஒரு எண்ணிக்கை. பாங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டிலும் அதே எண்ணிக்கை. சாம்பலில் எதை எண்ணுவது?

பேலைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். பஞ்சு எரியும், பட்டை எரியாது. எரியாமல் தப்பிய பேல் ஒன்றில் எத்தனை பட்டை என்று முதலில் எண்ணினோம். பிறகு மில் ஆட்கள் நான்கு பேரை வைத்து, சாம்பலைக் கிளறி, பட்டைகளைப் பொறுக்கிப் பத்துப் பத்தாகக் கட்டி அடுக்கினோம். இரண்டு பகல். கழிப்பறை ஆண்கள் பக்கம் மட்டும் இருந்ததால் இரண்டு பகலும் நான் தண்ணீர் குடிக்கவில்லை. முடிவில் பட்டைக் கணக்குப்படி வந்த பேல், ரெஜிஸ்டரில் இருந்ததில் முக்கால்வாசிதான். மில்காரர் கொஞ்ச நேரம் கத்தினார். அப்புறம் உட்கார்ந்து பேசினார், அந்தக் கணக்குப்படியே செட்டில் ஆயிற்று. அந்த ஃபைலுக்குப் பிறகு ரீஜனல் ஆபீஸில் என்னைக் கார்லயே இருக்கச் சொல்லும் ஆள் இல்லை. பிற்பாடு டிவிஷனல் ஆபீஸைக் கையில் கொடுத்தபோது இன்டர்வியூவில் பேசப்பட்டது அந்தப் பட்டைதான். நான் ஐந்து வருடம் ஒரு பைசா பிசகாமல் பார்த்த அக்கவுன்ட்ஸ் பற்றி யாரும் கேட்கவில்லை.

இப்போது ஏஜென்சி.

ஏஜென்ட்களில் பெண்கள் ஏராளம் என்று புள்ளிவிவரம் காட்டுவார்கள். அதைக் கொஞ்சம் உதறிப் பார்க்க வேண்டும். அரசு வேலையில் இருப்பவர் ஏஜென்சி நடத்தக் கூடாது. ஆகவே மனைவி பெயரில் இருக்கும். பாலிசி பிடிப்பது கணவர், பிரீமியம் வசூல் கணவர், கூட்டத்தில் மாலை வாங்குவது அந்த அம்மா. எங்கள் தெருவில் ஒரு வாத்தியார் அப்படித்தான் வைத்திருந்தார். அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடுவது மட்டும் வேலை. வாத்தியார் திடீரென்று மாரடைப்பில் போனார். பழைய பாலிசிகளின் பிரீமியம் கட்டப்படும்போதெல்லாம் ஏஜென்ட்டுக்குக் கிடைக்கும் ரினியூவல் கமிஷன் மெல்லக் குறைய ஆரம்பித்தது. போய்க் கேட்க ஆளில்லாமல் பாலிசிகள் லாப்ஸ் ஆக, அதாவது பிரீமியம் கட்டாமல் காலாவதியாக, தொடங்கியதுதான் காரணம். அந்த அம்மா ஒரு நாள் வாத்தியாரின் டைரியை எடுத்துக்கொண்டு, அதில் இருந்த விலாசம் ஒவ்வொன்றுக்கும் டவுன் பஸ்ஸில் போனார். நாற்பத்தாறு வயதில். முதல் வருடம் பழைய பாலிசிகளை உயிர்ப்பித்தார். அடுத்த வருடம் சொந்தமாகப் பிடித்தார். இன்று அவர் பெயரில் இருக்கும் ஏஜென்சி நிஜமாகவே அவருடையது.

ரினியூவல் கமிஷன் என்ன கணக்கு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நீண்ட கால ஆயுள் பாலிசிகளில் வெகுகாலம் இருந்தது இது: முதல் வருட பிரீமியத்தில் 25 சதவீதம், அதன் மேல் போனஸ் கமிஷன், இரண்டாம் மூன்றாம் வருடம் ஏழரை சதவீதம், பிறகு ஐந்து. இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. முதல் வருடப் பணத்தைப் பார்த்து இறங்குகிறவர்கள் இரண்டாம் வருடம் காணாமல் போவார்கள். பத்து வருடம் பாலிசிகளை லாப்ஸ் ஆகாமல் காத்தவர்களுக்குத்தான் இது பென்ஷன் மாதிரி வரும்.

எல்.ஐ.சி.யின் பீமா சகி திட்டத்தைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். 2024 டிசம்பரில் பானிபட்டில் தொடங்கினார்கள். பத்தாம் வகுப்பு படித்த, 18 முதல் 70 வயது வரையுள்ள பெண்களுக்கு. முதல் வருடம் மாதம் 7,000 ரூபாய், இரண்டாம் வருடம் 6,000, மூன்றாம் வருடம் 5,000 உதவித்தொகை, கமிஷன் தனி. பதிலுக்கு வருடத்துக்கு 24 பாலிசி பிடிக்க வேண்டும். இரண்டாம் வருடம் முதல், முந்தைய வருடப் பாலிசிகளில் 65 சதவீதமாவது உயிரோடு இருந்தால்தான் தொகை. மாதம் இரண்டு என்று கேட்டால் சுலபமாகத் தெரியும். அண்ணன், சித்தி, எதிர்வீடு, பால்காரர் என்று முதல் வருடம் ஓடிவிடும். தொகை குறையக் குறையத் தெரியாத வீட்டுக் கதவைத் தட்ட வேண்டி வரும். கிராமத்தில், குழு நடத்தி நாலு பேரைத் தெரிந்த பெண்ணுக்கு இது நல்ல வாசல். கையில் டிகிரியும் மாதச் சம்பளமும் இருக்கும் உங்களுக்கு இது படி இறங்குவது.

ஒரு விஷயத்தில் மட்டும் பெண் ஏஜென்ட்டுக்கு ஆண் ஈடாக மாட்டார் என்பதைப் பல சாவு வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆண் ஏஜென்ட் திண்ணையில் இறந்தவரின் தம்பியோடு உட்கார்ந்து ஃபாரம் நிரப்புவார். பெண் ஏஜென்ட் அடுப்படிக்குப் போவார். பாலிசி பாண்டு பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறதா, நாமினி யார், பாங்கில் அந்தப் பெண் பெயரில் கணக்கு உண்டா என்று அங்கேதான் தெரியும். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசி, நாமினி அம்மா, மாற்றவே இல்லை என்பது நம் ஊரில் சர்வசாதாரணம். காப்பீட்டுச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு அம்மா நாமினி என்றால் பணம் பெரும்பாலும் அம்மாவிடமே போய்ச் சேரும், கையில் குழந்தையோடு நிற்கும் மனைவி அதில் பாத்தியதை கேட்பது சிரமம். இதைப் பாலிசி எடுத்தவரிடம் உயிரோடு இருக்கும்போதே சொல்லி மாற்ற வைப்பவர்தான் ஏஜென்ட்.

இதற்கு உதவும் ஒரு சட்டம் 1874-லேயே வந்தது, மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம். அதன் ஆறாம் பிரிவுப்படி கணவர் பாலிசி எடுக்கும்போதே மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று எழுதிவிட்டால், கடன்காரர் பொதுவாக அதைத் தொட முடியாது. இந்துக்களும் முஸ்லிம்களும் இதைப் பயன்படுத்தலாம் என்பது சென்னை மாகாணத்தில் 1913 டிசம்பர் 31-க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்குப் பொருந்தும், மற்ற மாகாணங்களில் 1923 ஏப்ரல் முதல்தான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நாம் ஒன்பது வருடம் முந்தி! இருந்தும் இன்று இந்த ஃபாரத்தைக் கேட்டு வாங்கும் கணவர்கள் அபூர்வம். வியாபாரம் செய்யும் குடும்பங்கள் நிறைந்த ஈரோட்டில் இதைத் தெரிந்த ஏஜென்ட்டுக்கு வேலை இருக்கும்.

ஆக, உங்களுக்கு என் யோசனை. வேலையை விடாதீர்கள். தேர்வு எழுதுங்கள். அதிகாரி தேர்வுக்கு வழக்கமாக வயது 21 முதல் 30, ஓ.பி.சி.க்கு மூன்று வருடத் தளர்வு. ஆகவே உங்களுக்கு இன்னும் சில முயற்சிகள் இருக்கின்றன. கூடவே இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட்டின் லைசென்ஷியேட், அசோசியேட் பரீட்சைகளை எழுத ஆரம்பியுங்கள். நான் ஃபெல்லோஷிப்பின் இரண்டு பேப்பரை இரண்டாவது பிரசவ விடுப்பில் படித்தேன், தொட்டில் கயிறு கால் கட்டைவிரலில். இப்போதைய நிறுவனத்திலேயே அண்டர்ரைட்டிங் (பாலிசி தரலாமா, என்ன பிரீமியத்துக்கு என்று தீர்மானிக்கும் வேலை) அல்லது கிளெய்ம் பக்கம் மாற்றிக் கேளுங்கள். கவுன்டரில் எத்தனை வருடம் சிரித்தாலும் அது அனுபவக் கணக்கில் ஒரே வருடம்தான். என்றைக்காவது ஏஜென்சி எடுத்தால் கமிஷன் வரும் கணக்கு உங்கள் பெயரில், ஏ.டி.எம். கார்டு உங்கள் பையில், வாடிக்கையாளர் டைரி உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும்.

தேர்வில் தேறினால் முதல் போஸ்டிங்கே வெளிமாநிலமாக இருக்கலாம். குழந்தைக்கு இரண்டு வயது என்பது உண்மையில் நல்ல நேரம், பத்தாம் வகுப்பு வர இன்னும் பதிமூன்று வருடம் இருக்கிறது. தூரத்து ஊர்களையெல்லாம் அதற்குள் முடித்துவிட வேண்டும், நான் தலைகீழாகச் செய்தேன். உங்கள் கணவர் என்ன வேலை பார்க்கிறார், ஊர் மாறி வரக்கூடிய வேலையா என்று நீங்கள் எழுதவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்றும் எழுதவில்லை. இரண்டையும் சொல்லுங்கள், எந்தத் தேர்வை முதலில் குறி வைக்கலாம் என்று பார்ப்போம்.